அக்கா நாய், தங்கை நாய்

வீட்டுக்கு நாய் வாங்குவது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்துவிட்டால், அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் மனுஷர்கள்தான் குரைப்பார்கள். அப்பாவுக்கு ஒரு ஜாதி பிடிக்கும், மகளுக்கு வேறொன்று. பையன் ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்துவிட்டு வந்து இரண்டுமே வேஸ்ட் என்பான். "எதை வேணும்னாலும் வாங்குங்க, அள்ளிக் கொட்டற வேலை மட்டும் எங்கிட்ட வரக் கூடாது" என்பாள் அம்மா. கடைசியில் அள்ளிக் கொட்டுவது அம்மாதான்.

நம் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று வெட்கப்பட வேண்டாம். சூரியனே அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிய பிரிட்டிஷ் ராஜ குடும்பத்திலும் இரண்டு கட்சிதான். அக்கா வளர்த்தது கார்கி. தங்கை வளர்த்தது டாஷ்ஹண்ட். அக்கா வேறு யாருமில்லை, இரண்டாம் எலிசபெத் மகாராணி. தங்கை, இளவரசி மார்கரெட். நாய்கள் இரண்டும், பெரிய உடம்பை வாங்கிவிட்டுக் காலுக்குக் காசு பத்தாமல் திரும்பி வந்த ஜென்மங்கள்.

முதலில் பயோடேட்டா பார்த்துவிடுவோம். ஜெர்மன் பாஷையில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், பூமிக்கடியில் வளை தோண்டிக் குடியிருக்கும் ஒரு முரட்டுப் பிராணி. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் நுழைந்து பேட்ஜரோடு மல்லுக்கு நிற்பதுதான் டாஷ்ஹண்டின் பரம்பரைத் தொழில். அதற்காகத்தான் அந்த ரயில்பெட்டி உடம்பு. இருட்டுப் பொந்துக்குள் போனபிறகு, "சார், இப்போ கடிக்கவா?" என்று எஜமானைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? சுயமாக முடிவெடுக்கும் நாயாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். நம்மூரில் இதன் பெயரை டாஷ்ஹண்ட், டேஷவுண்ட், டச்சவுண்ட் என்று ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள். பரவாயில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் அது வரப் போவதில்லை.

கார்கி, வேல்ஸ் நாட்டுச் சரக்கு. வெல்ஷ் பாஷையில் 'கோர்' என்றால் குள்ளம், 'கி' என்றால் நாய். பார்த்ததை அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். வேலை, மாடு ஓட்டுவது. நகராத மாட்டின் பின்னங்காலில் லேசாக ஒரு கடி. மாடு எகிறி உதைக்கும். உதை, குள்ளனின் தலைக்கு மேலே காற்றில் போய்விடும். அந்தக் குட்டைக் கால் இருக்கிறதே, அது குறையில்லை சாமி, இன்ஷூரன்ஸ்!

ஆக, ஒன்று யார் பேச்சையும் கேட்காது. இன்னொன்று அசையும் கால் எதைக் கண்டாலும் கடிக்கும். இந்த இரண்டு வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் பெரிய பெரிய கிரீடங்கள் இதைப் படிக்காமல்தான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டன.

கதை விக்டோரியா மகாராணியிடம் ஆரம்பிக்கிறது. 1838 ஜூன் 28, முடிசூட்டு விழா. பத்தொன்பது வயதுப் பெண் தலையில் கிரீடத்தை வைத்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஐந்து மணி நேரம் சடங்கு செய்தார்கள். அரண்மனைக்குத் திரும்பிய சக்கரவர்த்தினி என்ன செய்தார் தெரியுமா? சட்டசபை? ராஜதந்திரம்? ஊஹூம். டாஷ் என்ற தன் ஸ்பேனியல் நாயைக் குளிப்பாட்டினார். சாம்ராஜ்யம் எங்கே ஓடிவிடப்போகிறது, நாய்க்கு அன்றைக்குக் குளியல் நாள்.

1840இல் கல்யாணம். மாப்பிள்ளை ஆல்பர்ட், ஜெர்மன்காரர். ஜெர்மன் சம்பந்தம் வந்தால் ஜெர்மன் நாயும் வரத்தானே செய்யும்? விக்டோரியாவின் வீட்டில் டாஷ்ஹண்டுகளும் குடியேறின. மகாராணி வளர்த்தால் ஊரில் உள்ள சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? அந்தக் காலத்தில் இன்ஃப்ளூயன்ஸர் என்ற வார்த்தைதான் இல்லை, வியாதி இருந்தது.

விக்டோரியாவின் மகள் வயிற்றுப் பேரன் ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம். முறுக்கு மீசை, மார்பு நிறைய மெடல். யாருக்காவது கல்யாணம் என்றால் தானே மாப்பிள்ளை, சாவு என்றால் தானே பிணம் என்று நினைக்கும் டைப். பாட்டி வழி வந்ததோ என்னவோ, அவருக்கும் டாஷ்ஹண்ட் பைத்தியம். தானும் யார் பேச்சையும் கேட்கமாட்டார், நாயும் கேட்காது. பொருத்தம் பத்துக்குப் பத்து.

ஆனால் விதி அவரை வேறொரு நாயிடம் மாட்டிவிட்டது. 1910இல் தாய்மாமன், பிரிட்டிஷ் ராஜா ஏழாம் எட்வர்ட் இறந்துபோனார். சவ ஊர்வலத்தில் ஒன்பது நாட்டு அரசர்கள். பெட்டிக்குப் பின்னால் முதலில் யார் போவது என்பது பெரிய புரோட்டோகால் பிரச்னை. போனது சீசர். ரோமாபுரி சீசர் இல்லை, எட்வர்டின் ஃபாக்ஸ் டெரியர் நாய். "நான் சீசர், ராஜாவுக்குச் சொந்தம்" என்று அதன் கழுத்துப்பட்டையில் விலாசம் வேறு. முன்னால் நாய், அதற்குப் பின்னால்தான் குதிரை மேல் முறுக்கு மீசை! உலகத்தில் எத்தனையோ அவமானம் உண்டு. வில்ஹெல்முடைய 'கெய்சர்' என்ற பட்டமே 'சீசர்' என்ற பெயரிலிருந்து வந்தது என்பதை மட்டும் அன்றைக்கு அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தாமல் இருந்திருக்கவேண்டும்.

வில்ஹெல்மின் நாய்களும் லேசுப்பட்டவை அல்ல. வாட்ல், ஹெக்ஸ்ல் என்று இரண்டு டாஷ்ஹண்டுகள். ஆஸ்திரிய இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டின் கொனோபிஷ்டே மாளிகைக்கு விருந்தாளியாகப் போனபோது இரண்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். ஃபெர்டினாண்டுக்குத் தோட்டத்தில் பொன்னிறச் சீமைக்கோழிகள் என்றால் உயிர். விருந்தாளி நாய்கள் இரண்டும் போன வேகத்தில் அதில் ஒன்றை அடித்துத் தீர்த்துவிட்டன. அப்படியும் நட்பு முறியவில்லை என்பதுதான் ராஜதந்திரம். நம் அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ரோஜாச் செடியை நாய் மோந்து பார்த்தாலே அசோசியேஷன் மீட்டிங் போடுகிறார்கள்.

அந்த ஃபெர்டினாண்டைத்தான் 1914 ஜூன் 28இல் சாராயெவோவில் சுட்டுக் கொன்றார்கள். முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டனுக்கு ஜெர்மனி எதிரி. கெய்சரைக் கையில் பிடிக்க முடியவில்லை, தெருமுனையில் டாஷ்ஹண்ட் கிடைத்தது. கார்ட்டூன்காரர்கள் ஜெர்மனியை வரைவதென்றால் இரும்புத் தொப்பி மாட்டிய ஒரு டாஷ்ஹண்டை வரைந்தார்கள். எழுத்தாளர் கிரஹாம் கிரீன் தன் சிறுவயது ஊரில் ஒரு டாஷ்ஹண்ட் கல்லடி பட்டதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அதை 'லிபர்ட்டி பப்', அதாவது சுதந்திரக் குட்டி என்று அழைத்துத் தேசபக்தியை நிரூபித்தார்கள். பிரிட்டனில் ஜெர்மன் ஷெப்பர்டை 'அல்சேஷன்' ஆக்கினார்கள். குரைப்பு மட்டும் அதே பழைய குரைப்பு.

இதில் பெரிய தர்மசங்கடம் அரண்மனைக்குத்தான். அப்போதைய ராஜா ஐந்தாம் ஜார்ஜ். எதிரி கெய்சர், அவருக்குச் சொந்த அத்தை மகன். நம் கணக்கில் சொன்னால், 'அத்தான்'. அதோடு குடும்பப் பெயரே சாக்ஸ்-கோபர்க்-கோதா. டாஷ்ஹண்டை விட ஜெர்மன்! 1917 ஜூலை 17இல் ராஜா அறிவித்துவிட்டார்: இன்றுமுதல் நாங்கள் 'விண்ட்ஸர்'. விஷயம் கேள்விப்பட்ட அத்தான், ஷேக்ஸ்பியரின் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்' நாடகத்தை இனிமேல் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் சாக்ஸ்-கோபர்க்-கோதா' என்று போடுவார்களா என்று கேட்டதாகச் சொல்வார்கள். பாவம், கல்லடி பட்ட டாஷ்ஹண்டுக்குப் பெயர் மாற்ற கெஜட் ஆபீஸ் போகத் தெரியவில்லை. ராஜாவுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது 1933க்கு வாருங்கள். லண்டன், 145 பிக்காடில்லி. யார்க் கோமகன், ராஜாவின் இரண்டாவது பிள்ளை. பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள்: நம் அக்காவும் தங்கையும்தான். பெண்கள் யாரோ ஒரு பிரபு வீட்டில் கார்கியைப் பார்த்துவிட்டு வந்து, எங்களுக்கும் வேண்டும் என்று அடம். வீட்டுக்கு வீடு வாசப்படி!

ரோஸாவெல் என்ற பண்ணையை நடத்திய பெண்மணி மூன்று குட்டிகளை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தார். ஆமாம், சாட்சாத் பெண் பார்க்கும் படலமேதான். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. மூன்று குட்டிகளும் கம்பளத்தின்மேல் உருள, சமஸ்தானமே உட்கார்ந்து ஆராய்கிறது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? வம்சமா, நிறமா, காதா? பெம்ப்ரோக் வகைக் கார்கிக்கு வால் என்பது பேருக்குத்தான். அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் ஆட்டிக் காட்டும் அளவுக்குக் கொஞ்சம் வால் இருந்தது. குழந்தைகளின் அம்மா அதையே கைகாட்டினார். வால் இருந்தால்தானே அது சந்தோஷமாக இருக்கிறதா இல்லையா என்று தெரியும்? அரண்மனைகளில் வாழ்ந்த ஒருத்திக்குத்தான் தெரியும், எதிரில் நிற்பவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று காட்டும் உறுப்பு எவ்வளவு அபூர்வம் என்று.

சர்டிஃபிகேட்டில் குட்டியின் பெயர் 'ரோஸாவெல் கோல்டன் ஈகிள்'. பொன் கழுகு! குட்டி டியூக் வீட்டுக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் பண்ணை ஆட்கள் அதை 'டியூக்' என்று கிண்டலாகக் கூப்பிட, அது தேய்ந்து 'டூக்கி' ஆகிவிட்டது. பார்க்க வந்த பெரிய மனிதர்கள், அரண்மனை ஊழியர்கள் என்று பேதம் பார்க்காமல் கடித்தது. 1936 டிசம்பரில் அண்ணன் எட்டாம் எட்வர்ட் காதலுக்காகக் கிரீடத்தைத் துறக்க, தம்பி யார்க் கோமகன் ஆறாம் ஜார்ஜ் ஆனார். வீட்டில் அத்தனை பேருக்கும் புரமோஷன். நாய்க்கு மட்டும் அதே பழைய 'டூக்கி'. அது அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கடிக்கும் அதிகாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

1944இல் எலிசபெத்தின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்த பரிசு, சூசன் என்ற கார்கி. 1947 நவம்பரில் இளவரசிக்கும் பிலிப்புக்கும் கல்யாணம். குதிரை வண்டியில் தேனிலவுக்குப் புறப்படுகிறார்கள், ஊரே கையசைக்கிறது. மணப்பெண்ணின் காலடியில், கம்பளிக்கு அடியில், ஏதோ நெளிகிறது. சூசன்! தேனிலவுக்குக் கூடவே மச்சினி வந்தாலே நம்மூர் மாப்பிள்ளைகள் முகம் சுண்டிப்போகும். பிலிப் கடற்படைக்காரர், புயல்களைப் பார்த்தவர். சமாளித்திருப்பார்.

சூசனுக்கு அரண்மனையில் மாடு கிடைக்கவில்லை. அதற்காக ஜீன் சும்மா இருக்குமா? 1954இல் அரண்மனைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க வந்தவரின் கணுக்காலைப் பதம் பார்த்தது. அதே வருஷம் ராஜமாதாவின் கார்கி ஒன்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரைக் கடித்தது. 1968இல் பால்மோரலில் தபால்காரர். ஒரு தொழிற்கட்சி எம்.பி. பொறுக்கமாட்டாமல், அரண்மனை வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டச் சொன்னார். காலம், காவல், கடிதம் என்று ஒரு டிபார்ட்மென்ட் பாக்கியில்லை. யார் கண்டது, கார்கியின் கண்ணுக்கு அத்தனை பேரும் தொழுவத்துக்குத் திரும்ப மறுக்கும் மாடுகளாகவே தெரிந்திருக்கலாம்.

கார்கி தரப்பு இப்படி வளர்ந்துகொண்டிருக்க, தங்கை மார்கரெட் எதிர்க்கட்சி. அவரிடம் பிப்கின் என்ற டாஷ்ஹண்ட். மார்கரெட்டின் கதை உங்களுக்குத் தெரியும்: விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்ஸெண்டைக் காதலித்தார். அவர் விவாகரத்தானவர். சர்ச் முகம் சுளித்தது, அரசாங்கம் கையைப் பிசைந்தது, அக்காவோ அந்த சர்ச்சுக்கே தலைவி. 1955 அக்டோபரில் அவரை மணக்கப்போவதில்லை என்று இளவரசி அறிவித்தார். குலம் கோத்திரம் பார்ப்பதில் நம் மாமா மாமிகள் எல்லாம் இவர்களிடம் டியூஷன் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான், பல வருஷம் கழித்து, தங்கையின் பிப்கினும் அக்காவின் கார்கி டைனியும் கண்ணோடு கண் நோக்கிவிட்டன. ஜாதகம் பார்க்கவில்லை. சர்ச்சைக் கேட்கவில்லை. பிறந்த குட்டிகளுக்கு 'டார்கி' என்று பெயர். அக்கா கோபப்பட்டாரா என்றால், அதுதான் இல்லை. ரசித்து, கொஞ்சி, மேலும் மேலும் டார்கிகளை வளர்த்தார். சைடர், பெர்ரி, வல்கன், கேண்டி என்று பெயர் சூட்டினார். கென்னல் கிளப் இன்றுவரை டார்கியை ஒரு ஜாதியாக ஒப்புக்கொள்ளவில்லை. தங்கைக்குக் கிடைக்காத அனுமதி தங்கையின் நாய்க்குக் கிடைத்தது.

உயர வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அது எப்படி சாத்தியமாயிற்று என்று புகைப்படக்காரர் நார்மன் பார்க்கின்ஸன் ராணியிடமே கேட்டுவிட்டாராம். தோட்டக் கலையைப் பற்றிப் பேசுகிற தொனியில் ராணி சொன்ன பதிலின் சாரம்: கஷ்டமே இல்லை, அதற்கென்று ஒரு சின்னச் செங்கல் வைத்திருக்கிறோம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் கோட்டை கட்டியது, பாலம் கட்டியது, ரயில்வே ஸ்டேஷன் கட்டியது. அது செங்கல்லை இத்தனை நல்ல காரியத்துக்கு வேறெப்போதும் பயன்படுத்தியதில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கார்கிகளின் சாப்பாட்டு நேரத்தில், ராணியே தன் கையால் கலந்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வைப்பார். படுக்கக் காற்று படாத உயரமான கூடைகள். ராணிக்கு முன்னால் அவை கும்பலாக ஓடிவருவதைப் பார்த்து மருமகள் டயானா 'நகரும் கார்ப்பெட்' என்றாராம். 1999இல் ஒரு சிப்பந்தி, நாய்களின் சாப்பாட்டில் மதுவைக் கலந்து அவை தள்ளாடுவதைப் பார்த்துச் சிரித்தது அம்பலமாகி, பதவியிறக்கம் பெற்றார். முப்பத்து மூன்று வருஷமாகத் தன்னைப் பார்த்துக் குரைத்த நாய்கள் வருங்கால மனைவி மேகனைப் பார்த்ததும் வாலாட்டின என்று பேரன் ஹாரி டி.வி.யில் புலம்பினார். இல்லாத வாலை எப்படி ஆட்டின என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

1991இல் கார்கிகளுக்குள் பெரிய அடிதடி. விலக்கிவிடக் கையை நீட்டினார் ராணி. இடது கையில் மூன்று தையல். நாய் மனநல நிபுணரை வரவழைத்துக் கவுன்சலிங் கொடுத்துப் பார்த்த வீடுதான் அது. காமன்வெல்த்தில் ஐம்பது நாடுகளைச் சண்டை போடாமல் உட்கார வைத்த கை, சொந்த வீட்டு நாய்களிடம் தோற்றது.

சரி, உங்கள் வீட்டுக்கு எது? கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு நீளம், தட்டு விலகும் அபாயம் நிஜம். சோபாவிலிருந்து குதிக்க விடக்கூடாது, மாடிப்படியில் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும், குண்டாகவும் விடக்கூடாது. கார்கிக்கு ரெட்டை அடுக்கு முடி. வேல்ஸ் குளிருக்கு நெய்த ஸ்வெட்டரைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு நிற்கும். உதிரும் முடியில் இன்னொரு நாய் செய்யலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடினால் மாட்டு மந்தை என்று நினைத்துத் துரத்தும். ஜாதியைப் பார்த்து வாங்கினோம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் வாங்குவது ஒரு பழைய உத்தியோகத்தை. ஆபீசை மூடி நூறு வருஷம் ஆனாலும் டியூட்டிக்கு வந்துகொண்டே இருக்கும் ஊழியர்கள் இவர்கள்.

சூசனின் வம்சம் பதினான்கு தலைமுறை ஓடி, 2018இல் வில்லோ என்ற கார்கியோடு முடிந்தது. தனக்குப் பின்னால் குட்டிகளை அநாதையாக விட்டுப் போக ராணிக்கு மனமில்லை, அதனால் இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டார் என்று சொன்னார்கள். 2021இல் மகன் ஆண்ட்ரூ மறுபடி குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ராணி வேண்டாம் என்று சொன்னாரா? எந்தப் பாட்டி சொல்லியிருக்கிறாள்?

2022 செப்டம்பர் 19. விண்ட்ஸர் கோட்டை முற்றம். ராணியின் கடைசி ஊர்வலம் வருகிறது. மிக், சாண்டி என்ற இரண்டு கார்கிகளை வாசலில் வார் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் ஊர்வலத்தை விட்டுவிட்டு அந்த இரண்டின் முகத்துக்கு ஜூம் போயின. துக்கத்தில் தலை குனிந்திருக்கின்றன என்றார்கள். அந்த அளவுக்கு எனக்கு நாய் ஜோசியம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: பளபளக்கும் பூட்ஸ் போட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கண்ணெதிரே கால் மாற்றிக் கால் மாற்றி நடந்துபோனார்கள். அத்தனை கணுக்கால்கள். ஒன்றைக்கூட அவை திரும்பிப் பார்க்கவில்லை.